பல சென்ட்ரோமியர்களைச் சுமக்கும் குரோமோசோம் செல் வளர்ப்பில் எப்படிப் பிழைக்கிறது?

எல்929 என்ற சுண்டெலிச் செல் லைனின் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்துவரும் செல் வம்சத்தின்) குரோமோசோம்களை முதன்முறை நுண்ணோக்கியில் பார்ப்பவர் சற்றுத் திகைத்துப் போவார். சாதாரணச் சுண்டெலிக்கு 40 குரோமோசோம்கள். அத்தனையும் ஒரு முனையில் சென்ட்ரோமியர் (செல் பிரியும்போது குரோமோசோமை இழுக்கும் இழைகள் வந்து பிடிக்கும் பகுதி) அமைந்த குச்சி வடிவம். எல்929 செல்களில் அந்த எண்ணிக்கையும் இருக்காது, அந்த ஒழுங்கும் இருக்காது. நடுவில் சென்ட்ரோமியர் அமைந்து இரு பக்கமும் கை நீட்டிய குரோமோசோம்கள் பல தென்படும். அவற்றுக்கிடையே வழக்கத்துக்கு மாறாக நீண்ட ஒன்றைச் சுமக்கும் செல்களும் உண்டு. சென்ட்ரோமியர் பகுதியைக் கருமையாகக் காட்டும் சி-பட்டைச் சாயத்தை ஏற்றினால், அந்த நீளக் குரோமோசோமின் உடல் நெடுக விட்டுவிட்டுப் பல கரும்பட்டைகள் தெரியும்.

ஒரு குரோமோசோமுக்கு ஒரு சென்ட்ரோமியர் என்றுதான் பள்ளியில் படிக்கிறோம். அந்த விதியை மீறினால் செல் பிரியும்போது குரோமோசோம் இரண்டு பக்கமும் இழுபட்டு அறுந்துபோகும் என்பதும் பாடத்தில் வரும். எல் செல்களோ தலைமுறை தலைமுறையாகப் பிரிந்துகொண்டே இருக்கின்றன. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் வில்டன் எர்ல் இவற்றின் மூலத் திசுவை வளர்க்கத் தொடங்கியது 1940-இல். அதிலிருந்து ஒற்றைச் செல்லைத் தனியே பிரித்து வளர்த்த 929 என்ற குளோன் பற்றிய ஆய்வு 1948-இல் வெளியானது. இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களின் உறைபெட்டிகளில் அந்தச் செல்கள் இருக்கின்றன. அறுந்து சிதற வேண்டிய குரோமோசோமை ஒரு செல் இத்தனை காலம் எப்படிக் கடத்திக்கொண்டு வர முடியும்?

சாயத்தில் தெரியும் சென்ட்ரோமியர்கள் எத்தனை, வேலை செய்யும் சென்ட்ரோமியர்கள் எத்தனை என்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளாமல் செல் லைன்களின் குரோமோசோம் கோளாறுகளைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம். இதை விளக்க, ஒன்றுக்கு மேல் சென்ட்ரோமியர் இருந்தால் ஏன் ஆபத்து என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு பிடிகள், ஒரு குரோமோசோம்

செல் பிரியும் முன் ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் படியெடுத்துக்கொண்டு இரண்டு குரோமாட்டிட்களாக நிற்கும். சென்ட்ரோமியரின் மேல் கைனட்டோகோர் என்ற புரத அடுக்கு ஒவ்வொரு குரோமாட்டிட்டிலும் கட்டப்படுகிறது. குரோமாட்டிட்களைச் செல்லின் இரு துருவங்களுக்கும் இழுக்கும் ஸ்பிண்டில் இழைகள் பிடிப்பது அதைத்தான். மனிதச் செல்லில் ஒரு கைனட்டோகோரை ஏறத்தாழ 20 நுண்குழல்கள் பற்றிக்கொள்கின்றன. ஒரு குரோமாட்டிட் ஒரு துருவத்துக்கும் மற்றது எதிர்த் துருவத்துக்கும் போகும்.

இனி அதே குரோமோசோமில், முதல் சென்ட்ரோமியரிலிருந்து வெகு தொலைவில், இன்னொன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் டைசென்ட்ரிக் என்கிறோம். ஒவ்வொரு குரோமாட்டிட்டிலும் இப்போது இரண்டு கைனட்டோகோர்கள். இரண்டும் ஒரே துருவத்தை நோக்கினால் சிக்கல் இல்லை. குரோமாட்டிட் முழுதாக அந்தப் பக்கம் போய்விடும். ஆனால் இரண்டு சென்ட்ரோமியர்களுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் குரோமாட்டின் (டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த இழை) எளிதில் முறுக்கிக்கொள்ளும். அரைச்சுற்று முறுக்கு விழுந்தாலே போதும், ஒரே குரோமாட்டிட்டின் ஒரு கைனட்டோகோர் வடக்கேயும் மற்றது தெற்கேயும் பார்க்கும். குரோமாட்டிட்கள் பிரிந்து விலகும் அனாஃபேஸ் கட்டத்தில் இரண்டு பக்கமும் கயிறிழுப்பதுபோல் இழுக்கும். செல்லின் நடுவே குரோமாட்டின் பாலம் ஒன்று நீளும்.

இந்த நிலையைச் செல்லின் காவல் ஏற்பாடு கண்டுபிடிப்பதில்லை. அனாஃபேஸுக்கு முன் இயங்கும் ஸ்பிண்டில் சோதனைச்சாவடி, இழை பிடிக்காத கைனட்டோகோர் ஏதாவது இருக்கிறதா என்றுதான் பார்க்கும். டைசென்ட்ரிக்கில் நான்கு கைனட்டோகோர்களையும் இழைகள் பிடித்திருக்கின்றன, இழுவிசையும் இருக்கிறது. ஆகவே அனுமதி கிடைத்துவிடுகிறது. பிழை தெரியவருவது பிரிதல் தொடங்கிய பிறகுதான்.

இந்தப் பாலத்தை மக்காச்சோளச் செல்களில் பார்த்து, அதன் பின்விளைவை முழுமையாக விளக்கியவர் பார்பரா மெக்ளின்டாக். 1930-களின் இறுதியில் அவர் வகுத்த சுழற்சி இப்படி: குரோமோசோம் உடைகிறது, உடைந்த முனைகள் ஒட்டிக்கொள்கின்றன, டைசென்ட்ரிக் உருவாகிறது, அடுத்த பிரிதலில் பாலம் வருகிறது, பாலம் அறுகிறது, அறுந்த முனை மறுபடி ஒட்டுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அறுபடும் இடம் மாறுவதால் ஒரு மகள் செல்லுக்குச் சில ஜீன்கள் இரட்டிப்பாகக் கிடைக்கும், இன்னொன்றுக்கு அவை அடியோடு போய்விடும். அவர் செடிகளில் கண்டதை விலங்குச் செல் வளர்ப்பில் அப்படியே காணலாம்.

எங்கிருந்து வருகின்றன

வழிகள் பல. கதிர்வீச்சோ வேதிப்பொருளோ இரண்டு குரோமோசோம்களை உடைத்து, சென்ட்ரோமியர் உள்ள இரண்டு துண்டுகளும் தவறாக ஒட்டிக்கொள்வது ஒரு வழி. செல் வளர்ப்பில் இதைவிட அடிக்கடி நடப்பது டீலோமியர் தேய்வால் வரும் ஒட்டல்.

டீலோமியர் என்பது குரோமோசோமின் முனையை "இது உடைந்த முனை அல்ல" என்று செல்லுக்கு அடையாளம் காட்டும் கவசம். மனிதனின் சாதாரண இணைப்புத்திசுச் செல்களில் ஒவ்வொரு பிரிதலுக்கும் அது சற்றுக் குறையும். சுமார் 50 பிரிதல்களுக்குப் பிறகு அவை நின்றுவிடும் என்று ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் 1961-இல் காட்டினார்கள். நிற்கச் சொல்லும் கட்டளையைக் கொடுப்பதில் பி53 புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வைரஸ் புரதத்தாலோ மரபுமாற்றத்தாலோ அந்தப் புரதம் செயலிழந்திருந்தால் செல் நிற்காமல் பிரிந்துகொண்டே போகும். டீலோமியர்கள் கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். கவசமிழந்த முனைகளைப் பழுதுபார்க்கும் நொதிகள் ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும். செல் வளர்ப்பில் இந்தக் கட்டத்தை நெருக்கடி என்கிறார்கள். பெரும்பாலான செல்கள் இதில் மடியும். டீலோமியரை நீட்டும் டீலோமரேஸ் நொதியை மீண்டும் இயக்கிக்கொண்ட ஒருசில செல்கள் பிழைத்து அழியா லைனாக மாறும். மாற்றமடைந்த மனிதச் செல்களில் டீலோமியர் குறையக் குறைய டைசென்ட்ரிக்குகள் கூடுவதையும், டீலோமரேஸ் வந்ததும் நிலைமை தணிவதையும் 1992-இல் கிறிஸ்டோபர் கவுண்டரும் சக ஆய்வாளர்களும் பதிவு செய்தார்கள். டீலோமியரைப் பாதுகாக்கும் டிஆர்எஃப்2 என்ற புரதத்தை மட்டும் முடக்கினால், டீலோமியர் தேயாமலே முனைகள் ஒட்டுகின்றன என்பது 1998-இல் டிட்டியா டி லாங்கேயின் ஆய்வகத்தில் உறுதியானது. அன்றிலிருந்து டைசென்ட்ரிக்கை வேண்டும்போது உருவாக்கிப் பார்க்க ஆய்வாளர்களுக்கு வழி கிடைத்தது.

சுண்டெலிச் செல்களுக்கு இதில் தனி நிலைமை. அவற்றின் எல்லாக் குரோமோசோம்களிலும் சென்ட்ரோமியர் ஒரு டீலோமியருக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. இரண்டு குரோமோசோம்கள் சென்ட்ரோமியர் முனைகளால் ஒட்டினால் இரண்டு சென்ட்ரோமியர்களும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்து, பார்க்க ஒரே சென்ட்ரோமியர் கொண்ட இருகைக் குரோமோசோம்போல் தோன்றும். இது அவ்வளவு ஆபத்தானதல்ல. ஒன்றின் வால் முனையும் அடுத்ததன் சென்ட்ரோமியர் முனையும் ஒட்டினால் கதை வேறு. சென்ட்ரோமியர்களுக்கு நடுவே ஒரு முழுக் கையின் தூரம் வந்துவிடும். அந்த வரிசையில் மூன்றாவது, நான்காவது என்று சேர்ந்துகொண்டே போனால், கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன பல பட்டைக் குரோமோசோம் கிடைக்கிறது.

இருந்தும் உறங்கும் சென்ட்ரோமியர்கள்

சி-பட்டைச் சாயம் எதைக் காட்டுகிறது என்று உற்றுப் பார்த்தால்தான் புதிர் அவிழும். கோல்செமிட் என்ற வேதிப்பொருளைக் கொடுத்து, பிரிதலின் நடுக்கட்டமான மெட்டாஃபேஸில் நிறுத்திய செல்களை 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடில் உப்பவைத்து, மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் 3:1 கலந்த கரைசலில் பதப்படுத்தி, தகட்டில் சொட்டுவிட்டு உலர்த்துவார்கள். பின் பேரியம் ஹைட்ராக்சைடில் சில நிமிடங்கள் வைத்து, வெந்நிலையில் உப்புக் கரைசலில் ஊறவைத்து ஜீம்சா சாயம் ஏற்றுவார்கள். இந்தச் சிகிச்சையில் சாதாரண டிஎன்ஏ பெரிதும் வெளியேறிவிடும். இறுகச் சுருண்ட, ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரும் சாட்டிலைட் டிஎன்ஏ மட்டும் தங்கிக் கருத்துத் தெரியும். சுண்டெலியில் 234 எழுத்து நீள அலகுகளால் ஆன பெருஞ்சாட்டிலைட்தான் அந்தப் பட்டையின் பெரும்பகுதி. மனிதனில் சென்ட்ரோமியரின் அடிப்படை அலகு 171 எழுத்து நீளமுள்ள ஆல்ஃபா சாட்டிலைட்.

ஆக, சி-பட்டை சொல்வது "இங்கே சென்ட்ரோமியருக்குரிய டிஎன்ஏ இருக்கிறது" என்பதை மட்டும். கைனட்டோகோர் கட்டப்பட்டிருக்கிறதா என்பதற்கு அது சாட்சி சொல்லாது. அதற்குப் புரதத்தைப் பார்க்கும் முறை வேண்டியிருந்தது. அது கிடைத்தது எதிர்பாராத இடத்திலிருந்து. தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் ஸ்க்ளீரோடெர்மா நோயின் கிரெஸ்ட் என்ற வகையில், நோயாளிகளின் இரத்த சீரம் தங்கள் சொந்த செல்களின் சென்ட்ரோமியர்களையே போய்ப் பற்றுகிறது என்று 1980-இல் தெரியவந்தது. அந்த சீரங்களை வைத்து 1985-இல் வில்லியம் எர்ன்ஷாவும் நவோமி ராத்ஃபீல்டும் மூன்று புரதங்களை அடையாளம் கண்டார்கள்: சென்ப்-ஏ, சென்ப்-பி, சென்ப்-சி.

அதே ஆண்டில் எர்ன்ஷாவும் பார்பரா மீஜனும், இரண்டு சென்ட்ரோமியர் கொண்டும் நிலையாக இருந்த ஒரு மனித எக்ஸ் குரோமோசோமை இந்த சீரங்களில் உள்ள எதிர்ப்பொருள்களால் சோதித்தார்கள். வேலை செய்யும் சென்ட்ரோமியர் ஒளிர்ந்தது; மற்றது ஒளிரவில்லை. டிஎன்ஏ அங்கேயே இருக்க, புரதம் மட்டும் காணவில்லை. இப்படிப்பட்ட எக்ஸ் குரோமோசோம் உருவில் இரட்டை, செயலில் ஒற்றை என்று 1974-லேயே ஏவா தெர்மனும் சக ஆய்வாளர்களும் முதன்மைக் குறுக்கத்தின் (இயங்கும் சென்ட்ரோமியரில் குரோமோசோம் ஒடுங்கித் தெரியும் இடத்தின்) தோற்றத்தை மட்டும் வைத்துச் சொல்லியிருந்தார்கள். பதினோரு ஆண்டு கழித்து அதற்குப் புரதச் சான்று வந்தது.

எல் செல்களில் இதே கேள்வியை வேறு கோணத்தில் அணுகியவர் நெவாடா பல்கலைக்கழகத்தின் பல்தேவ் விக். சகோதர குரோமாட்டிட்கள் சென்ட்ரோமியரில் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் நேர வரிசையைத்தான் அவர் கவனித்தார். 1984-இல் வெளியான அவரது ஆய்வு, எல் செல்களின் பல சென்ட்ரோமியர்க் குரோமோசோம்கள் ஒழுங்காகப் பிரிவதைப் பற்றியது. கூடுதல் சென்ட்ரோமியர்கள் முன்கூட்டியே விலகிவிடுகின்றன. ஒன்று மட்டும் கடைசிவரை இரண்டு குரோமாட்டிட்களையும் பிடித்து வைத்திருக்கிறது. குரோமோசோமை நடத்திச் செல்வது அந்த ஒன்றுதான். சாதாரண ஒளி நுண்ணோக்கியும் பொறுமையும் மட்டுமே கொண்டு எட்டிய முடிவு இது. செல் லைன்களைப் பற்றிய வரலாற்றில் இந்த வேலைக்கு இன்னும் கூடுதல் இடம் கிடைத்திருக்க வேண்டும்.

உறங்கவைப்பது எப்படி நடக்கிறது? மையப் பாத்திரம் சென்ப்-ஏ. டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் எச்3 ஹிஸ்டோன் புரதத்தின் மாற்று வடிவம் அது. எந்த இடத்தில் சென்ப்-ஏ கொண்ட நியூக்ளியோசோம்கள் (டிஎன்ஏ சுற்றிய ஹிஸ்டோன் உருண்டைகள்) இருக்கின்றனவோ அங்கே கைனட்டோகோர் எழும். ஒரு மனித சென்ட்ரோமியரில் இருப்பது சுமார் 400 சென்ப்-ஏ மூலக்கூறுகள்தான் என்று 2014-இல் கணக்கிட்டார்கள். டிஎன்ஏ படியெடுக்கப்படும்போது அவை இரண்டு குரோமாட்டிட்களுக்கும் பாதிப்பாதியாகப் பங்கிடப்படுகின்றன. குறைந்த பாதி நிரப்பப்படுவது பிரிதல் முடிந்து, அடுத்த சுற்றின் தொடக்கத்தில். ஏற்கெனவே சென்ப்-ஏ இருக்கும் இடத்தில்தான் புதியது வந்து சேரும். அதாவது ஒரு சென்ட்ரோமியரின் அடையாளம் டிஎன்ஏ எழுத்துகளில் முழுமையாக எழுதப்பட்டிருக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் புதுப்பித்தால்தான் நீடிக்கும். ஏதோ காரணத்தால் நிரப்பல் தவறினால் சில தலைமுறைகளில் அளவு சரிந்து அந்த சென்ட்ரோமியர் அணைந்துவிடும். சுற்றியுள்ள இறுக்கமான குரோமாட்டின் அந்த இடத்தை மூடிக்கொள்ளும். இதற்கு எதிர்த்திசையிலும் சான்று உண்டு: ஆல்ஃபா சாட்டிலைட்டே இல்லாத ஓரிடத்தில் புதிதாக சென்ட்ரோமியர் முளைத்த மனிதக் குரோமோசோமை 1993-இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் விவரித்தார்கள்.

இரண்டாவது வழி நேரடியானது. பெத் சலிவனின் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், டிஆர்எஃப்2-வின் செயலைத் தற்காலிகமாகத் தடுத்து மனிதச் செல்களில் புதிய டைசென்ட்ரிக்குகளை உருவாக்கி, அவற்றைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். சிலவற்றில் ஒரு சென்ட்ரோமியர் சீக்கிரமே செயலிழந்தது. அவற்றில் ஒரு பகுதியில் டிஎன்ஏ அப்படியே இருக்க, புரதம் மட்டும் நீங்கியது. வேறு சிலவற்றில் சென்ப்-ஏ அமர்ந்திருந்த ஆல்ஃபா சாட்டிலைட்டின் ஒரு பகுதியே வெட்டுண்டு போயிருந்தது. இன்னும் சில குரோமோசோம்கள் இரண்டு சென்ட்ரோமியர்களும் இயங்கும் நிலையிலேயே பல பிரிதல்களைக் கடந்தன.

இரண்டும் விழித்திருந்தும் பிழைப்பவை

அந்தக் கடைசி வகைக்குப் பெரும்பாலும் தூரம்தான் விளக்கம். சலிவனும் ஹன்டிங்டன் வில்லார்டும் 1998-இல் ஆராய்ந்த எக்ஸ் குரோமோசோம்களில், இரண்டு சென்ட்ரோமியர்களும் நெருங்கி இருந்தபோது இரண்டுமே இயங்கிக்கொண்டு குரோமோசோம் நிலையாக இருந்தது. நடுவில் முறுக்கு விழ இடமில்லாததால் இரண்டு கைனட்டோகோர்களும் ஒரே திசையைப் பார்க்கின்றன. ஸ்பிண்டிலுக்கு அவை ஒன்றுபோலவே ஆகின்றன. மனிதரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவர் சுமக்கும், சென்ட்ரோமியர் பக்கமாக இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிய ராபர்ட்சோனியன் இடமாற்றக் குரோமோசோம்களில் பலவும் இந்த வகை. அவர்கள் பெரும்பாலும் எந்த நோயும் இல்லாமல் வாழ்கிறார்கள்.

இந்த நெருக்கத்தின் உச்சத்தைக் காண கேளையாட்டின் (இந்திய முண்ட்ஜாக் என்ற சிறு மானின்) செல்களைப் பார்க்க வேண்டும். பெண் கேளையாட்டுக்கு 6 குரோமோசோம்கள், ஆணுக்கு 7. பாலூட்டிகளில் இவ்வளவு குறைந்த எண்ணிக்கை அரிது. 1970-இல் வுர்ஸ்டரும் பெனிர்ஷ்கேயும் இதை அறிவித்தபோது நம்ப முடியாத செய்தியாக இருந்தது. நெருங்கிய உறவான சீன முண்ட்ஜாக்குக்கு 46. குரோமோசோம்கள் வாலும் தலையுமாக வரிசையாக ஒட்டி எண்ணிக்கை சுருங்கியிருக்கிறது. ஒட்டிய இடங்களில் பழைய சென்ட்ரோமியர் சாட்டிலைட்டின் எச்சங்களைக் குரோமோசோம் கைகளுக்குள் இன்றும் கண்டுபிடிக்க முடிகிறது. அதன் எக்ஸ் குரோமோசோமின் நீண்ட கைனட்டோகோர் பல சிறு அலகுகள் ஒட்டிச் சேர்ந்தது என்று 1984-இல் பில் பிரிங்க்லியின் குழு வாதிட்டது. பல இலட்சம் ஆண்டுப் பரிணாமம் செய்த வேலையும் எல்929 செல்கள் வளர்ப்புத் தட்டில் சில ஆண்டுகளில் செய்த வேலையும் ஒரே அடிப்படை விதிக்கு உட்பட்டவை என்பதுதான் இந்த ஆய்வுகளில் என்னை மிகவும் ஈர்க்கும் செய்தி.

சில உயிரினங்களுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி இனங்களின் குரோமோசோம்களில் ஸ்பிண்டில் இழைகள் நீளம் முழுக்கப் பற்றிக்கொள்கின்றன. தடுப்பூசிப் புரதங்கள் தயாரிக்கப் பயன்படும் எஸ்எஃப்9 செல்கள் ஓர் அந்துப்பூச்சியிலிருந்து வந்தவை. அங்கே இரண்டு குரோமோசோம்கள் ஒட்டினால் பாலூட்டிச் செல்லில் வருவதுபோன்ற டைசென்ட்ரிக் ஆபத்து எழுவதில்லை.

உறங்காதபோது

எல்லா டைசென்ட்ரிக்குக்கும் இந்த நல்ல முடிவு கிட்டுவதில்லை. பாலம் அனாஃபேஸிலேயே அறுந்துவிடும் என்றுதான் நீண்ட காலம் கருதப்பட்டது. 2015-இல் டி லாங்கேயின் ஆய்வகத்தில் ஜான் மச்சியோவ்ஸ்கி மனித விழித்திரைச் செல்களை உயிரோடு படமெடுத்துப் பார்த்தபோது வேறு காட்சி கிடைத்தது. பாலங்கள் பிரிதலின்போது அறுவதில்லை. இரண்டு மகள் செல்களும் விலகி நகர, அவற்றின் நியூக்ளியஸ்களை இணைத்தபடி 50 முதல் 200 மைக்ரோமீட்டர் வரை பாலம் நீள்கிறது. அறுவதற்கு 3 முதல் 20 மணி நேரம் ஆகிறது. இதற்கிடையே நியூக்ளியஸ் உறை கிழிந்து, சைட்டோபிளாசத்தில் இருக்கும் ட்ரெக்ஸ்1 என்ற டிஎன்ஏ அறுக்கும் நொதி உள்ளே புகுந்து பாலத்தின் மேல் குவிகிறது. செல்லின் இழுவிசையும் பாலத்தை அறுப்பதில் பங்கேற்கிறது என்று 2020-இல் டேவிட் பெல்மனின் குழு காட்டியது.

அறுந்த பின் கிடைக்கும் செல்களின் டிஎன்ஏவை வரிசைப்படுத்தினால், குரோமோசோமின் ஒரு பகுதி பல துண்டுகளாக உடைந்து ஒழுங்கில்லாமல் மறுபடி ஒட்டியிருப்பது தெரிகிறது. பல புற்றுநோய்களில் காணப்படும் குரோமோத்ரிப்சிஸ் என்ற சிதைவு இது. ஒரே ஒரு டைசென்ட்ரிக் ஒரே ஒரு பிரிதலில் இவ்வளவு சேதம் செய்ய முடியும் என்பது இந்தத் துறையில் பார்வையையே மாற்றியது.

இதே சுழற்சியை மனிதர்கள் தங்களுக்குச் சாதகமாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள், ஆரம்பத்தில் அதன் உள்விவரம் தெரியாமலே. சீன வெள்ளெலியின் சிஎச்ஓ செல்களில் மருந்துப் புரதம் தயாரிக்கும்போது, வேண்டிய ஜீனோடு டிஎச்எஃப்ஆர் ஜீனையும் சேர்த்துப் புகுத்தி, அந்த டிஎச்எஃப்ஆர் ஜீன் தரும் நொதியை முடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தின் அளவைப் படிப்படியாக ஏற்றுவார்கள். டிஎச்எஃப்ஆர் ஜீனைப் பெருக்கிக்கொண்ட செல்களே தப்பும்; பக்கத்தில் இருக்கும் மருந்து ஜீனும் கூடவே பெருகும். சகோதர குரோமாட்டிட்கள் ஒட்டி டைசென்ட்ரிக் உருவாகி, மெக்ளின்டாக் சொன்ன அதே உடைதல்-ஒட்டல்-பாலம் சுழற்சியால் இந்தப் பெருக்கம் தொடங்குவதை 1993-இல் ஜாய்ஸ் ஹாம்லினின் ஆய்வகம் சிஎச்ஓ செல்களில் காட்டியது. ஆனால் மருந்தை நிறுத்தினால் இப்படிப் பெருகிய பகுதி நாளடைவில் குறையக்கூடும். உற்பத்திக்குப் போகும் குளோனைத் தேர்ந்தெடுக்கும்போது நீண்ட கால நிலைத்தன்மையைத் தனியாகச் சோதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கதிர்வீச்சு அளவு கணிப்பில் டைசென்ட்ரிக்கின் நிலையின்மையே அளவுகோலாகிறது. விபத்தில் சிக்கியவரின் இரத்தத்திலிருந்து லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்களை எடுத்து, ஃபைட்டோஹீமக்ளூட்டினின் கொடுத்துப் பிரியத் தூண்டி சுமார் 48 மணி நேரம் வளர்த்து, டைசென்ட்ரிக்குகளை எண்ணுவார்கள். கதிர்வீச்சு படாதவரிடம் ஆயிரம் செல்களுக்கு ஒன்று அளவில்தான் இருக்கும். 1987-இல் பிரேசிலின் கொய்யானியாவில் சீசியம்-137 பரவியபோதும் இந்த முறையில் பலரின் கதிர்வீச்சு அளவு கணிக்கப்பட்டது. எண்ண வேண்டியது முதல் பிரிதலில் இருக்கும் செல்களை மட்டும்; இரண்டாம் பிரிதலுக்குள் டைசென்ட்ரிக்குகளில் கிட்டத்தட்டப் பாதி தொலைந்துவிடும். மூன்று சென்ட்ரோமியர் கொண்ட குரோமோசோமை இரண்டு டைசென்ட்ரிக்குக்குச் சமமாக எண்ணுவார்கள். கூடவே சென்ட்ரோமியர் இல்லாத துண்டுகள் இருக்கின்றனவா என்றும் சரிபார்ப்பார்கள், ஏனெனில் உடைதலால் வந்த டைசென்ட்ரிக் என்றால் அந்தத் துண்டும் அதே செல்லில் கிடக்க வேண்டும். டீலோமியர் ஒட்டலால் வந்ததற்கு அப்படித் துணைத் துண்டு இருக்காது. ஒரு டைசென்ட்ரிக் எந்த வழியில் பிறந்தது என்று கண்டறிய இது கையடக்கமான தடயம்.

ஒரு செல் லைனில் பல பட்டைக் குரோமோசோம் தென்பட்டால் என்ன செய்வது என்பதற்கும் இதிலிருந்து வழி கிடைக்கிறது. சி-பட்டையோ, குறிப்பிட்ட டிஎன்ஏ வரிசையை ஒளிரவைக்கும் ஃபிஷ் முறையில் சாட்டிலைட் ஒளிர்வோ மட்டும் பார்த்துவிட்டு "நான்கு சென்ட்ரோமியர் கொண்டது" என்று எழுதுவது அரைகுறைத் தகவல். அதே தகட்டில் சென்ப்-ஏ அல்லது சென்ப்-சி எதிர்ப்பொருளையும் இட்டு, எத்தனை இடம் ஒளிர்கிறது என்று பார்க்க வேண்டும். சென்ப்-பி எதிர்ப்பொருள் இதற்கு உதவாது. அது டிஎன்ஏவில் உள்ள 17 எழுத்துக் குறியீட்டைப் பற்றிக்கொள்வதால் உறங்கும் சென்ட்ரோமியரிலும் அமர்ந்திருக்கும். அனாஃபேஸ் செல்களில் பாலம் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்றும் எண்ண வேண்டும். ஒரே இடம் ஒளிர்ந்து, பாலமும் அரிதாக இருந்தால் அந்தக் குரோமோசோம் செயலில் ஒற்றைதான். இரண்டு இடம் தள்ளித் தள்ளி ஒளிர்ந்தால் அந்த லைனின் குரோமோசோம் அமைப்பு அடுத்த சில வாரங்களில் மாறும் என்று எதிர்பார்க்கலாம். உறையவைத்த பழைய குப்பிகளுக்குத் திரும்புவது நல்லது.

பலவற்றில் எந்த சென்ட்ரோமியர் விழித்திருக்கும் என்பதுதான் இன்னும் முழுமையாகத் தீராத கேள்வி. அதில் ஒரு படிநிலை இருக்கலாம் என்று, ராபர்ட்சோனியன் குரோமோசோம்களை ஆராய்ந்து சலிவனும் சக ஆய்வாளர்களும் 1994-இல் எழுதினார்கள்; சில குரோமோசோம்களின் சென்ட்ரோமியர்கள் மற்றவற்றைவிட அடிக்கடி இயக்கத்தில் நீடித்தன. சாட்டிலைட் பகுதியின் நீளமா, அதில் சென்ப்-ஏ எவ்வளவு அடர்த்தியாக அமர்ந்திருக்கிறது என்பதா, ஒட்டிய தருணத்தில் எது கூடுதல் நுண்குழல்களைப் பிடித்தது என்ற தற்செயலா என்று பிரித்தறிவது அன்றைய கருவிகளால் இயலாத காரியம். ஒரே மாதிரி வரிசை இலட்சக்கணக்கான எழுத்துகளுக்குத் திரும்பத் திரும்ப வருவதால், மனித மரபணுத்தொகுதியின் சென்ட்ரோமியர் பகுதிகள் 2022 வரை முழுமையாக வாசிக்கப்படவே இல்லை. நீண்ட துண்டுகளை ஒரே மூச்சில் வாசிக்கும் முறை வந்த பிறகு, ஒரு டைசென்ட்ரிக்கின் இரண்டு சென்ட்ரோமியர்களையும் எழுத்து எழுத்தாக வாசித்து, சென்ப்-ஏ எந்த அலகின் மேல் அமர்ந்திருக்கிறது என்று ஒப்பிட முடிகிறது. எல்929 போன்ற பழைய லைன்களின் பல சென்ட்ரோமியர்க் குரோமோசோம்களையும் இந்த முறையில் வாசித்தால், எந்தப் பட்டை உறங்குகிறது, டிஎன்ஏ வெட்டுண்டதாலா புரதம் நீங்கியதாலா என்பதைப் பட்டைக்குப் பட்டை தனித்தனியாகச் சொல்லிவிட முடியும்.